சுவரில் பூசணம், நெஞ்சில் இளைப்பு: மழைக்காலத்துக்கு முன் வீட்டில் கவனிக்க வேண்டியவை



நம் மாவட்டத்தில் மழை இரண்டு தவணையாக வருகிறது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும். அது ஓய்ந்து சுவர் காய்வதற்குள் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். இரண்டு பருவத்திலும் நன்றாக நனைகிற மாவட்டம் நம்முடையது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசுகிற பக்கம் துணி சீக்கிரம் காய்ந்துவிடும். குலசேகரம், அருமனை, திருவட்டாறு பக்கமோ, தேங்காய்ப்பட்டணம், குளச்சல் கடலோரமோ அப்படியில்லை. நான்கு நாள் விடாமல் பெய்தால் பீரோவில் இருக்கும் பர்தாவில் வெள்ளையாகப் பூத்திருக்கும். செருப்பு, பெல்ட், குர்ஆன் ஷரீஃபின் அட்டை, கல்யாண ஆல்பம் என்று ஒன்றையும் அது விடுவதில்லை.

இதைப் பூசணம் என்கிறோம், பூஞ்சை என்கிறோம், சும்மா 'பூத்துப்போச்சு' என்றும் சொல்லித் துடைத்துப் போடுகிறோம். துணியையும் சுவரையும் கெடுக்கும் என்று தெரியும். அதே வீட்டில் ஆடி, ஆவணியில் பிள்ளைக்கு மாதம் இரண்டு முறை இளைப்பு வருவதை மட்டும் அதோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. 'மழைக்காலம், சளி பிடித்திருக்கிறது' என்று மருந்து வாங்கிக் கொடுக்கிறோம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இந்த மாதப் பாடம்.

பூசணம் என்பது என்ன

பூஞ்சையின் விதை போன்ற நுண்துகள்கள் காற்றில் எப்போதும் இருக்கின்றன. எவ்வளவு சுத்தமான வீட்டிலும் உண்டு. அவை வித்துகள். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை, அதனால்தான் மூக்கைத் தாண்டி நுரையீரல் வரை போகின்றன. அவை முளைக்க மூன்று பொருள் போதும்: ஈரம், கொஞ்சம் உணவு, கொஞ்சம் நேரம். மரம், காகிதம், பருத்தி, தோல், சுவரில் படிந்த தூசி எல்லாமே அதற்கு உணவுதான். நேரமும் அதிகம் வேண்டாம். நனைந்த மெத்தையோ கம்பளமோ 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயாவிட்டால் அதில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். ஆக நம் கையில் இருப்பது ஈரம் ஒன்றுதான். வித்தை ஒழிக்க முடியாது, வெப்பத்தைக் குறைக்க முடியாது. ஈரத்தை நிறுத்தினால் பூஞ்சை நின்றுவிடும்.

சுவரில் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் பூஞ்சை அல்ல. கடலோர ஊர்களில் உப்பு கலந்த மணலிலும் உப்புத் தண்ணீரிலும் கட்டிய சுவரில், ஈரம் வெளியே வரும்போது உப்பும் கூடவே வந்து மாவு போலப் பூக்கும். அதில் ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். கரைந்துவிட்டால் உப்பு, கரையாமல் மிதந்தால் பெரும்பாலும் பூஞ்சை. உப்பு நுரையீரலை ஒன்றும் செய்யாது. ஆனால் உப்பு பூக்கும் சுவரில் ஓதம் இருக்கிறது என்பது உறுதி. ஓதம் இருக்கும் சுவரில் பின்னாலேயே பூஞ்சை வரும்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்வோம். 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது 'கரும்பூஞ்சை' என்ற பெயரைக் கேட்டு எல்லோரும் நடுங்கினோம். அந்த ஆண்டு மே மாதத்தில் தமிழக அரசு அதை அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோயாக அறிவித்தது. குளியலறைச் சுவரில் கறுப்பாகப் படர்வது அந்தப் பூஞ்சை அல்ல. அந்த நோயின் பெயர் மியூகோர்மைகோசிஸ். அதை உண்டாக்குகிற பூஞ்சை மண்ணிலும் அழுகின பொருளிலும் இருப்பது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களையும், ஸ்டீராய்டு மருந்து அதிகம் எடுத்தவர்களையும்தான் அது பிடித்தது. பூஞ்சை பிடித்த இடத்தில் சதை செத்துக் கறுத்துப்போவதால் அந்தப் பெயர். சுவர்ப் பூஞ்சையால் வரும் கேடு வேறு விதம். அவ்வளவு வேகமாக வராது. ஆனால் ஆண்டுக்கணக்கில் நம்மோடு ஒரே அறையில் தூங்குகிறது.

உடம்பில் என்ன செய்கிறது

உலக சுகாதார நிறுவனம் 2009இல் வீட்டுக்குள் ஓதமும் பூஞ்சையும் பற்றித் தனியாக ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டது. ஓதமும் பூஞ்சையும் உள்ள வீட்டில் வாழ்பவர்களுக்கு மூச்சுக்குழல் தொல்லை, ஒவ்வாமை, ஆஸ்துமா ஆகியவை அதிகம் என்பது அதன் முடிவு. 'இத்தனை வித்து வரை பரவாயில்லை' என்று ஓர் எல்லையை அந்த நூல் வகுக்கவில்லை. ஆள் ஆளுக்குத் தாங்கும் சக்தி மாறுவதால் அப்படி வகுக்க முடியாது. அதனால் பரிசோதனைக்கூடத்தில் காற்றைச் சோதிக்க ஆயிரக்கணக்கில் செலவழிக்கத் தேவையில்லை. கண்ணில் பட்டாலோ, அறைக்குள் நுழைந்ததும் மக்கின வாடை வந்தாலோ அதுவே போதுமான சோதனை.

பெரும்பாலானவர்களுக்கு வருவது ஒவ்வாமை. காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல், மூக்கொழுகல், கண் அரிப்பு, தொண்டையில் கரகரப்பு. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது இளைப்பாக மாறும். பிள்ளைகளின் மூச்சுக்குழல் சிறியது, கொஞ்சம் வீங்கினாலே அடைத்துக்கொள்ளும். அதனால் அவர்களுக்கு முதலில் தெரியும். பகல் முழுவதும் ஓடி விளையாடிவிட்டு இரவில் படுக்கையறைக்குப் போனதும் இருமத் தொடங்குகிற பிள்ளை, உம்மாவின் தாய்வீட்டுக்குப் போனால் இருமுவதில்லை என்றால், மருந்துச் சீட்டைப் பார்ப்பதற்கு முன் அந்தப் படுக்கையறைச் சுவரைப் பாருங்கள்.

ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை மூச்சுக்குழலின் சளியிலேயே குடியேறிவிடும். உடம்பு அதற்கு எதிராகக் கடுமையாக எதிர்வினை செய்யும். இளைப்பு மருந்துக்கு அடங்காமல் போவது, பழுப்பு நிறத்தில் கட்டி கட்டியாகச் சளி வருவது, எக்ஸ்ரேயில் அடிக்கடி நிழல் தெரிவது ஆகியவை இதன் அடையாளங்கள். நம் நாட்டில் இதைக் காசநோய் என்று நினைத்து மாதக்கணக்கில் அந்த மருந்தைக் கொடுத்த பிறகு உண்மை தெரிகிற நிலை நெடுங்காலமாக உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை கட்டாயம் செய்ய வேண்டும், காசநோயா என்று பார்க்கத்தான் வேண்டும். ஆனால் சளியில் காசநோய்க் கிருமி இல்லை என்று வந்த பிறகும் இருமல் தொடர்ந்தால், 'எனக்கு ஆஸ்துமா உண்டு, வீட்டில் ஓதம் உண்டு' என்பதை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம், மருந்தும் உண்டு.

இதைவிட மோசமானது நுரையீரல் திசுவே வீங்கித் தழும்பாகிப் போகிற நோய். வைக்கோலிலும் தானியத்திலும் வளரும் பூஞ்சைத் தூளை மூச்சில் இழுக்கும் உழவர்களுக்கு இது வருவதை மேல்நாட்டு மருத்துவர்கள் முன்பே கண்டு 'உழவர் நுரையீரல்' என்று பெயரிட்டார்கள். நம் நாட்டில் 19 நகரங்களில் 27 மருத்துவ மையங்கள் சேர்ந்து, இவ்வகை நுரையீரல் நோய் வந்த 1,084 பேரை ஆராய்ந்து 2017இல் முடிவை வெளியிட்டன. அவர்களில் 47 சதவீதம் பேருக்கு இருந்தது தூசி, பூஞ்சை போன்றவற்றை மூச்சில் இழுத்ததால் வரும் இந்த ஒவ்வாமை நோய்தான். அவர்களிலும் ஏறத்தாழ பாதிப்பேர் தண்ணீர் ஊற்றி ஓட்டும் ஏர்கூலரைப் பயன்படுத்தியவர்கள். அதன் புல்மெத்தையில் பூஞ்சை வளர்ந்து, விசிறி அதை முகத்துக்கு நேராக ஊதிக்கொண்டிருந்திருக்கிறது. நம் ஊர்க் காற்றில் ஏற்கனவே ஈரம் அதிகம். இங்கே ஏர்கூலரால் குளிர்ச்சியும் கிடைப்பதில்லை. தவணையில் வாங்கி வைத்திருப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அதை மூலையில் போடுவது நல்லது.

இந்த நோயின் தொடக்கத்தில் வேலை முடிந்து வந்த மாலையில் காய்ச்சல், வறட்டு இருமல், உடம்பு வலி வரும். விடுமுறை நாளில் சரியாகிவிடும். அந்தக் கட்டத்தில் காரணத்தை விட்டு விலகினால் நுரையீரல் பிழைக்கும். கவனிக்காமல் விட்டால் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும், எடை குறையும். தழும்பான நுரையீரலைப் பழையபடி ஆக்க மருந்து இல்லை.

ராச்டேலில் இறந்த குழந்தை

இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு அருகே ராச்டேல் என்ற ஊர். சூடானிலிருந்து வந்து குடியேறிய ஒரு முஸ்லிம் குடும்பம் அங்கே ஒற்றைப் படுக்கையறை வாடகை வீட்டில் இருந்தது. வீடு தனியாருடையது அல்ல, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு வீடு கொடுக்கும் ஒரு பொதுநல நிறுவனத்தினுடையது. குளியலறையிலும் சமையலறையிலும் பூசணம் பிடிப்பதாகக் குழந்தையின் வாப்பா 2017இலேயே சொல்லியிருக்கிறார். அதன்மேல் பெயின்ட் அடித்துக்கொள்ளும்படி பதில் வந்தது. பின்னர் அவாப் இஷாக் என்ற ஆண் குழந்தை பிறந்தான். அவனுக்குத் திரும்பத் திரும்ப மூச்சுத் தொல்லை. குடும்பம் மறுபடி மறுபடி முறையிட்டது, வழக்கறிஞர் மூலமும் எழுதியது. வழக்கறிஞர் தலையிட்டதும், அந்த விவகாரம் முடியும் வரை பழுது பார்ப்பதில்லை என்ற தங்கள் நடைமுறையைக் காட்டி நிறுவனம் சும்மா இருந்தது. 2020 டிசம்பர் 21 அன்று, இரண்டு வயது முடிந்து எட்டு நாளில், அவாப் இறந்துபோனான். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார். வீட்டுப் பூசணத்தை நெடுநாள் சுவாசித்ததால் வந்த கடுமையான மூச்சுக்குழல் நோயே மரணத்துக்குக் காரணம். காற்றோட்டம் போதாத வீடு, அதைச் சரிசெய்யாத நிர்வாகம் என்று தெளிவாகவே சொல்லப்பட்டது. நம்மைக் கூடுதலாக வேதனைப்படுத்தும் செய்தி ஒன்றும் விசாரணையில் வெளிவந்தது. அந்தக் குடும்பத்தின் வாழ்க்கைமுறைதான், மார்க்கச் சடங்காகக் குளிப்பதுதான் ஈரத்துக்குக் காரணம் என்று நிறுவனத்தில் இருந்தவர்கள் தாங்களாகவே நினைத்துக்கொண்டிருந்தார்கள். அப்படி நினைத்தது தவறு என்று பிறகு நிறுவனம் ஒப்புக்கொண்டது.

அந்தப் பெற்றோர் விடவில்லை. அவர்களுடைய போராட்டத்தால் 2023இல் சட்டம் வந்தது. அந்தச் சட்டப் பகுதிக்கே 'அவாப் சட்டம்' என்று பெயர். அதன் விதிகள் 2025 அக்டோபர் 27 முதல் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. உயிருக்கு ஆபத்தான குறை என்றால் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். பூசணம், ஓதம் பற்றிக் கடுமையான புகார் வந்தால் 10 வேலை நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும்.

இதை எங்கோ நடந்த கதை என்று விட்டுவிட முடியாது. நம் ஜமாஅத்துகளுக்கும் வாடகை வீடுகள் இருக்கின்றன. வக்ஃப் சொத்தாக இருக்கும் லைன் வீடுகளிலும் பள்ளிவாசல் கடைகளின் மாடிகளிலும் குறைந்த வாடகைக்கு விதவைகளும் ஏழைக் குடும்பங்களும் இருக்கிறார்கள். வாடகை குறைவு என்பதால் அவர்கள் வாய் திறந்து கேட்பதில்லை. கேட்டால் 'இந்த வாடகைக்கு இதுவே அதிகம்' என்று சொல்லி விடுவோமோ என்று அஞ்சுகிறார்கள். வீட்டு உரிமையாளர் என்ற இடத்தில் நாமும் நிற்கிறோம். பிறருக்குத் தீங்கு நேராமல் பார்ப்பது மார்க்கச் சட்டத்தின் அடிப்படைக் கோட்பாடுகளில் ஒன்று. வக்ஃப் செய்தவர்கள் கூரையொழுகும் அறையில் ஒரு பிள்ளை இளைப்போடு தூங்க வேண்டும் என்று நிய்யத் வைத்து எழுதி வைக்கவில்லை. முத்தவல்லிகளும் நிர்வாகக் குழுவினரும் மழைக்கு முன்னால் ஒரு நாள் ஒதுக்கி, கொத்தனார் ஒருவரையும் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கிப் பார்த்து வந்தால் அது பெரிய காரியம். வாடகை பாக்கியையும் பழுதுபார்ப்பையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட வேண்டாம்.

ஈரம் எந்த வழியாக வருகிறது

நம் பழைய வீடுகள் ஓட்டு வீடுகள். வெட்டுகல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, ஓட்டுக்கு இடையே இயல்பாகவே காற்றுப் போக வழி. மழை பெய்தால் ஒழுகும், ஆனால் வெயில் வந்தால் காய்ந்துவிடும். இப்போது கான்கிரீட் தளம், சிமென்ட் பூச்சு, அதன்மேல் பிளாஸ்டிக் போலப் படியும் பெயின்ட், இறுக்கமாக மூடும் அலுமினிய ஜன்னல். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லை. பழைய வீட்டுக்குத் திரும்பச் சொல்லவில்லை. புதிய வீட்டுக்குத் தேவையான காற்று வழியை நாம் கட்டாமல் விட்டுவிட்டோம் என்பதுதான் செய்தி. வென்டிலேட்டர் வைப்பதை 'பழைய மோஸ்தர்' என்று விட்டுவிட்டார்கள்.

மொட்டைமாடியில் தண்ணீர் தேங்கினால் மேல்தள வெடிப்பு வழியாகக் கீழே இறங்கும். விட்டத்தில் வட்ட வட்டமாகக் கறை தெரிந்தால் அதுதான். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை மட்டும் சுவர் ஊறியிருந்தால், அஸ்திவாரத்திலிருந்து ஈரம் ஏறுகிறது. இந்த இரண்டுக்கும் உள்பக்கம் பெயின்ட் அடிப்பது வீண்செலவு. நோன்புக்கு முன்பும் கல்யாணத்துக்கு முன்பும் ஓதச் சுவரைப் பட்டி பார்த்து மறைத்துப் பளபளப்பாக அடித்துவிடுகிறோம், அடுத்த மழையில் பெயின்ட் தோல்போல உரிகிறது. வெளிப்பக்கம் தண்ணீர் வரும் வழியை அடைத்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகுதான் உள்ளே கைவைக்க வேண்டும். உள்ளே அடிப்பதற்குச் சுண்ணாம்பு இன்னும் நல்ல பொருள். அதன் காரத்தில் பூஞ்சை எளிதில் வளராது, சுவரும் மூச்சுவிடும்.

ஈரம் சுவரிலிருந்து வருகிறதா, அறைக் காற்றிலிருந்து வருகிறதா என்று தெரியாவிட்டால் ஒரு சதுர அடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் நீர் கோத்தால் சுவர் ஊறுகிறது. வெளிப்பக்கம் கோத்தால் அறைக் காற்றில் ஈரம் அதிகம். ஏசி அறைகளில் இரண்டாவது வகை அதிகம்.

அறைக் காற்றில் ஈரத்தைச் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் நாமேதான். மழைக்காலத்தில் துணியைப் படுக்கையறையிலேயே கொடி கட்டிக் காயப்போடுகிறோம். ஒரு வாளித் துணியிலுள்ள தண்ணீரும் அந்த அறைக் காற்றில்தான் சேர்கிறது. சமையல் ஆவியும் குளியலறை ஆவியும் அதோடு சேரும். நம் தெருக்களில் வீட்டோடு வீடு ஒட்டியிருப்பதால், எதிர்வீட்டுப் பார்வை படும் என்று பெண்கள் இருக்கும் அறை ஜன்னலை ஆண்டு முழுவதும் அடைத்தே வைக்கிறோம். வீட்டிலேயே அதிக நேரம் இருப்பவர்கள் பெண்களும் கைக்குழந்தைகளும் முதியவர்களும். அதிகக் காற்று தேவைப்படுபவர்களுக்குக் குறைந்த காற்று கிடைக்கிறது. மறைவும் வேண்டும், காற்றும் வேண்டும் என்றால் ஆள் உயரத்துக்கு மேலே ஜாலி அல்லது வென்டிலேட்டர் வைக்கலாம், ஜன்னலுக்கு வெளியே சாய்ந்த பலகைத் தட்டி போடலாம், குளியலறையிலும் அடுக்களையிலும் காற்றை வெளியே தள்ளும் விசிறி பொருத்தலாம்.

ஜன்னலைத் திறந்தாலே எல்லாம் சரியாகும் என்றும் நினைக்க வேண்டாம். அடைமழையில் வெளிக்காற்றே தண்ணீரில் முக்கியெடுத்தது போலத்தான் இருக்கும். மழை விட்டு வெயில் தலைகாட்டும் நேரத்தில், குறிப்பாக உச்சிப் பொழுதில், எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து மின்விசிறியை ஓடவிடுங்கள். பீரோவையும் கட்டிலையும் சுவரிலிருந்து நான்கு விரற்கடையாவது தள்ளி வையுங்கள். அதன் பின்பக்கம் பார்த்து எத்தனை ஆண்டு ஆகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

சாம்பிராணியும் பகூரும் மணத்தைத்தான் மாற்றும், பூஞ்சையை ஒன்றும் செய்யாது. இளைப்புக்காரர் இருக்கும் வீட்டில் அந்தப் புகையே தனித் தொல்லை. துணிக்கு இடையே போடும் அந்துருண்டையும் கவனத்துக்குரியது. அதில் நாப்தலின் இருந்தால், சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இருக்கும் ஒரு ரத்தக் குறைபாட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரலாம். கைக்குழந்தையின் துணி இருக்கும் பெட்டியில் அதைப் போடவே வேண்டாம்.

பூட்டிக் கிடந்த வீடு

வளைகுடாவில் இருப்பவர்கள் பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்கு ஊருக்கு வருவது ஜூன் கடைசி, ஜூலையில். இங்கே சரியான மழை அப்போதுதான். ஓராண்டு பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து, அன்று இரவே அந்த மெத்தையில் பிள்ளைகளைப் படுக்கவைக்கிறோம். பாலைவனக் காற்றில் வளர்ந்த பிள்ளை இரண்டாம் நாளே தும்மி இருமத் தொடங்குகிறது. 'ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை' என்கிறோம். தண்ணீர் பாவம் என்ன செய்தது!

சொந்தக்காரர் ஒருவரிடம் சாவியைக் கொடுத்து மாதம் இரண்டு முறை வெயில் நாளில் திறந்துபோடச் சொல்லுங்கள். வருவதற்கு ஒரு வாரம் முன்பே மெத்தை, தலையணைகளை வெயிலில் போட்டு, ஏசியின் வடிகட்டியைக் கழுவி, தண்ணீர் வடியும் தட்டைச் சுத்தம் செய்துவிட வேண்டும். முதலில் ஏசியைப் போட்டு அரைமணி நேரம் ஜன்னலைத் திறந்து வைத்து ஓடவிட்டு, பிறகு அறைக்குள் போகலாம். நம் இளைஞர்களில் ஏசி மெக்கானிக்குகள் எத்தனையோ பேர் உண்டு. அவர்களுக்கு இது தெரியும், கேட்டால் சொல்வார்கள்.

பள்ளிவாசலும் வேலையிடமும்

தொழுகை விரிப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உளூ செய்த ஈரக் காலோடு கம்பளத்தில் நடக்கிறோம். அந்தக் கம்பளம் தரையோடு ஒட்டிக்கிடக்கிறது, ஏசி ஹாலில் வெயிலே படுவதில்லை. சஜ்தாவில் மூக்கு அதன்மேல்தான் இருக்கிறது. முன்வரிசையில் தொழும் பெரியவர்களில் இளைப்புக்காரர்கள் பலர். ஹவுளிலிருந்து உள்ளே வரும் இடத்தில் தண்ணீரை உறிஞ்சும் கால்மிதியை வைத்து அதை நாள்தோறும் மாற்றலாம். கம்பளத்தைச் சுருட்டி எடுத்து வெயிலில் போடுவதற்கு ஏற்றபடி துண்டு துண்டாகப் போடலாம். கடலோரப் பள்ளிவாசல்களில் கோரைப்பாயோ வெறும் டைல்ஸோ போதும் என்பது என் அபிப்பிராயம். நிர்வாகிகள் வேறாக நினைக்கலாம்.

மதரஸா அலமாரிகளில் பழைய கிதாபுகளும் முஸ்ஹஃபுகளும் பூத்துக் கிடந்தால் ஈரத்துணியால் துடைக்கக் கூடாது, கறை உள்ளே இறங்கிவிடும். நிழலில் காற்றாட விரித்துக் காயவைத்து, திறந்த வெளியில் மென்மையான தூரிகையால் தட்டி எடுக்க வேண்டும். முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளை அந்த வேலைக்கு விடாதீர்கள்.

வேலையிடங்களில் ஜவுளிக் குடோன், பழைய பேப்பர்க் கடை, தும்பு ஆலை, ரப்பர் ஷீட் அடுக்கிவைக்கும் அறை, அரிசி மண்டி இவையெல்லாம் கவனிக்க வேண்டியவை. ரப்பர் ஷீட் சரியாகக் காயாவிட்டால் பூஞ்சை பிடித்து விலை குறைகிறது என்று வியாபாரிக்கு நன்றாகத் தெரியும். அதே பூஞ்சை ஷீட்டைத் தட்டித் துடைக்கும் தொழிலாளியின் மூச்சிலும் போகிறது. மூட்டைகளைத் தரையில் வைக்காமல் பலகைமேல் சுவரைவிட்டுத் தள்ளி அடுக்குவதும், தூசி பறக்கும் வேலைக்கு என்-95 முகமூடி வாங்கிக் கொடுப்பதும் முதலாளியின் கடமை. துணியால் கட்டிய முகமூடியில் வித்து நிற்காது.

உணவில் பூத்ததைப் பற்றி ஒரு வார்த்தை. கொப்பரை, நிலக்கடலை, மிளகாய் வற்றல், சோளம் இவற்றில் வளரும் சில பூஞ்சைகள் அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமாகும். 1974இல் ராஜஸ்தான், குஜராத் எல்லைப் பகுதியில் மழையில் நனைந்து பூத்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்ட ஏழை மக்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சமைத்தால் அந்த நஞ்சு போகாது. பூத்த பகுதியை நறுக்கி எறிந்துவிட்டு மீதியைப் பயன்படுத்துவது, பூத்ததை ஆட்டுக்கும் கோழிக்கும் போடுவது, இரண்டும் வேண்டாம்.

சுத்தம் செய்யும் முறை

டைல்ஸ், கண்ணாடி, பிளாஸ்டிக், உலோகம் என்றால் சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்துக் கழுவித் துடைத்துக் காயவைத்தாலே போதும். தேவையென்றால் பிளீச் திரவம் பயன்படுத்தலாம், 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு குவளைக்கு மேல் கூடாது. பிளீச்சோடு ஆசிடையோ கழிப்பறைச் சுத்திகரிப்புத் திரவத்தையோ ஒருபோதும் கலக்காதீர்கள். உண்டாகும் குளோரின் வாயு, மூடிய குளியலறையில் உயிருக்கே ஆபத்து. சுவர்ப் பூச்சு, மரப்பலகை, மெத்தை போன்று தண்ணீரை உறிஞ்சும் பொருட்களில் பிளீச் மேலோட்டமாக வெளுக்கும், உள்ளே இருப்பது சாகாது. செத்த பூஞ்சையும் ஒவ்வாமையைத் தரும். எனவே சுவரில் பூச்சைச் சுரண்டி எடுக்க வேண்டும். சுரண்டும் முன் தண்ணீர் தெளித்து நனைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வித்துகள் வீடு முழுக்கப் பறக்கும். உலர்ந்த துடைப்பத்தால் கூட்டித் தள்ளுவது மிகவும் கெடுதல். முகமூடி, கையுறை அணிந்து, அந்த அறைக் கதவை அடைத்து, வெளி ஜன்னலைத் திறந்து வேலை செய்யுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், சிறுநீரக மாற்று சிகிச்சை செய்தவர்கள், சர்க்கரை அதிகம் உள்ளவர்கள், பிள்ளைகள் அந்த நேரம் வீட்டிலேயே இருக்கக் கூடாது. மூன்றடிக்கு மூன்றடிக்கு மேல் படர்ந்திருந்தால் அனுபவமுள்ள ஆளை வைத்துச் செய்வதே பாதுகாப்பு.

வெள்ளத்துக்குப் பிறகு இதே வேலையை அவசரமாகச் செய்ய வேண்டியிருக்கும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் நம் மாவட்டத்தில் ஓடுகளைப் பறக்கவிட்டது, பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை, நனைந்தது காயவே வழியில்லாமல் போனது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அதுபோன்ற நேரத்தில் நிவாரணமாக அரிசியும் போர்வையும் கொண்டுபோகிறோம், நல்லது. அதோடு முகமூடி, கையுறை, வாளி, தேய்ப்பான், சோப்பு ஆகியவற்றையும் கொண்டுபோக வேண்டும். இரண்டு நாளுக்கு மேல் வெள்ளத்தில் ஊறிய பஞ்சு மெத்தையைக் காயவைத்துத் திரும்ப உபயோகிக்கச் சொல்லக் கூடாது. அதற்குப் பதிலாகப் புதிய பாய் வாங்கிக் கொடுப்பது ஸதக்காவில் நல்ல வகை.

மருத்துவரிடம் போகும்போது

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனாலும், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும், மருத்துவர் உங்கள் வீட்டுச் சுவரைப் பார்க்க மாட்டார். கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். எந்த மாதம் தொல்லை கூடுகிறது, எந்த அறையில் கூடுகிறது, வெளியூர் போனால் குறைகிறதா, என்ன வேலை செய்கிறீர்கள், வீட்டில் ஏர்கூலர், புறா, கோழி உண்டா என்பதை ஒரு துண்டுத்தாளில் எழுதி வையுங்கள். புறாவின் எச்சத் தூளும் அதே நுரையீரல் நோயைத் தரும் என்பதால் அதையும் சொல்ல வேண்டும். இன்ஹேலர் எழுதிக் கொடுத்தால் 'பழகிவிடும்' என்று பயந்து நிறுத்தாதீர்கள். மாத்திரையைவிட மிகக் குறைந்த அளவு மருந்துதான் அதன் வழியாகப் போகிறது. நோன்பு காலத்தில் இன்ஹேலர் பற்றிச் சந்தேகம் இருந்தால் உங்கள் ஆலிமிடம் முன்கூட்டியே கேட்டு, நேரத்தை மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள். உதடு நீலம் பாய்ந்தாலோ, பிள்ளையின் விலா எலும்புக்கு இடையே சதை உள்ளே இழுத்தாலோ, ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமல் மூச்சு முட்டினாலோ காலை வரை காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.